இஸ்திரி போடாத பாட்டு

அந்த ரெக்கார்டிங் அறையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. பாட வந்தவர், தான் பாடியதைப் பாடினபடியே கேட்டுவிடக் கூடாது. மைக் முன்னால் நின்று தொண்டை வறளப் பாடி முடித்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்" என்று எல்லோருமே ஆசையாகத்தான் கேட்பார்கள். முதலாளி முகத்தை ரொம்ப மரியாதையாக வைத்துக்கொண்டு, "இன்னும் நிறைய வேலை இருக்கு சார், இப்போ கேட்டா உங்களுக்கே திருப்தியா இருக்காது, வியாழக்கிழமை வாங்க" என்பார். வியாழக்கிழமை அவர்கள் கேட்கிற பாட்டு வேறு பாட்டாக இருக்கும்.

நடுவில் அந்த வேலையைச் செய்கிறவளுக்கு அந்தக் கட்டடத்தில் இஸ்திரி என்று பெயர். முதலாளி வைத்த பெயர்தான். துணியில் சுருக்கம் எடுப்பதுபோலக் குரலில் சுருக்கம் எடுக்கிறாளாம். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்கூட மாடிப்படியில் அவளைப் பார்த்தால், "என்ன இஸ்திரி, இன்னைக்கு யார் குரல்?" என்று கேட்பார். பதினோரு வருஷமாக அதே நாற்காலி, அதே திரை. திரையில் குரல் மேடும் பள்ளமுமாக ஓடும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழே தொங்குவதைத் தூக்கி வைக்க வேண்டும், மேலே துருத்துவதை அமுக்கி வைக்க வேண்டும். ஒரு பல் டாக்டர் வந்து பாடிவிட்டுப் போனார். நாலு நிமிஷப் பாட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் கை வைத்தாள். வியாழக்கிழமை அதைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் கண் கலங்கி, "இவ்வளவு திறமையை வெச்சுக்கிட்டு இருபது வருஷமா பல்லைப் பிடுங்கிட்டு இருந்திருக்கேனே" என்றார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் படி இறங்கி, தெருவைத் தாண்டி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் சிரித்தார்கள்.

இப்படிச் சுருக்கம் எடுத்த பாட்டெல்லாம் இணையத்துக்குப் போய் என்ன சாதித்தது என்று கேட்டால், ஒரு மண்ணும் சாதிக்கவில்லை. அறையின் பேரில் முதலாளி ஒரு பக்கம் நடத்தி, பாடினவர்கள் சம்மதித்தால் பாட்டை அதில் போடுவார். நூற்றைம்பது பேர் கேட்பார்கள், மிஞ்சிப்போனால் இருநூறு. அத்தனை பேரும் பாடினவரின் சொந்தக்காரர்கள். இதற்கிடையில் எங்கேயோ ஒரு ஆள் குளியலறையில் நின்றுகொண்டு, கேட்கிறவன் காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி ஒரு பாட்டைக் கத்திவைக்க, அதை எண்பது லட்சம் பேர் கேட்டுத் தொலைத்தார்கள். முதலாளிக்கு அன்றைக்கு முழுக்க வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அந்தக் காலத்தில் மேடை மேடையாகக் கீபோர்டு வாசித்தவர், பாவம்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு இஸ்திரி. நாம இவ்ளோ சுத்தமா பண்றோம், ஒரு நாய் கேக்க மாட்டேங்குது. அந்தக் கண்ராவியை எதுக்கு இத்தனை பேர் கேக்கறான்?"

இஸ்திரிக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. வருஷக்கணக்காக அவள் மனசுக்குள்ளேயே வைத்திருந்த விஷயம் அது. யாரும் கேட்டதில்லை.

"நல்லாப் பாடினா கேட்டுட்டுப் போயிடுவாங்க சார். காதுக்கு அங்கேயே வேலை முடிஞ்சது. தப்பாப் பாடினா காது விடாது. இப்போ சரியா வரும், இப்போ சரியா வரும்னு காத்துக்கிட்டே இருக்கும். வராது. அதனால திரும்பப் போடும். சொறியச் சொறிய அரிக்கும் பாருங்க, அதுமாதிரி."

"சரி, கேக்கறான். எதுக்கு ஊருக்கே அனுப்பறான்?"

"தனியாச் சிரிக்க முடியாதே சார். கூட ஒரு ஆள் வேணும். பிடிச்ச பாட்டைத் தனக்குன்னு வெச்சுக்குவாங்க. கேவலமா இருக்கறதைத்தான் நாலு பேருக்கு அனுப்புவாங்க, நான் இதைவிட ஒசத்தின்னு காட்டிக்கணுமில்ல."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்போ நாமளே ஒரு பாட்டைக் கெடுத்து விட்டா?"

"செல்லாது சார். வேணும்னே தடுக்கி விழறவனைப் பாத்து எவன் சிரிப்பான்? பாடறவங்களுக்குத் தெரியக் கூடாது. மனசாரப் பாடணும், மனசாரத் தப்பாப் பாடணும்."

"மனசாரத் தப்பாப் பாடற ஆளுங்கதான் நமக்குத் தினமும் வர்றாங்க. யார் பாட்டையாவது அப்படியே போட்டா ஆளை வெச்சு அடிப்பாங்க." அவர் பெருமூச்சு விட்டார். "கோவிச்சுக்காத ஆளுக்கு நான் எங்க போறது?"

இந்த இடத்தில் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யாரும் அவள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆனால் அரை மணி நேரமாக ஒருத்தர் தன் பேச்சை வாய் பிளந்து கேட்கிறார் என்றால் மனுஷனுக்கு ஒரு போதை வந்துவிடுகிறது, அதற்கு மேல் கொஞ்சம் பேசிப் பார்க்கத் தோன்றுகிறது.

"எங்க அக்கா ஒண்ணு பாடி வெச்சிருக்கா" என்றாள்.

அக்கா இவளுக்கு ஒன்பது வயது மூத்தவள். அம்மா இரண்டு இடத்தில் வேலை பார்த்ததால் இவளுக்குத் தலை வாரிவிட்டது, சோறு ஊட்டினது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் அக்காதான். எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு. சிக்கு எடுக்க ஒன்று, மருந்து குடிக்க ஒன்று. சொந்தமாக இட்டுக்கட்டிப் பாடுவாள். எதுவும் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேராது. படியில் இறங்குகிறவர்கள் கடைசிப் படியைப் பார்க்காமல் காலை வைத்துவிடுவார்களே, அந்த மாதிரி ஒவ்வொரு அடியும் முடியும். அக்காவுக்கு அது தெரியாது. தன் குரலின்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது அக்காவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. சோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள். குழந்தைகள் வந்தால் மற்றவர்கள் அக்காவிடம்தான் தள்ளிவிடுவார்கள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போதே அக்கா ஆரம்பித்துவிடுவாள்: "கையைக் குடு கண்ணு, கதை சொல்றேன் ஒண்ணு, எறும்புக் கடி எறும்புக் கடி, அவ்ளோதாண்டி கண்ணு, அவ்ளோதான்." அந்தக் கடைசி "தான்" மேலே ஏறி நிற்க வேண்டியது, நிற்காமல் சரிந்து எங்கோ கீழே போய் விழும். குழந்தை இது என்னடா என்று வாயைத் திறந்து பார்ப்பதற்குள் ஊசி போய் வந்துவிட்டிருக்கும். அக்கா கையில் இரண்டாவது குத்து வாங்கின குழந்தை கிடையாது என்று அந்த லேபில் சொல்வார்கள்.

அந்தப் பாட்டைக் காத்திருக்கும் அறையின் டிவியில் போடலாமே என்று குழந்தை டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் நல்ல புடவை கட்டிக்கொண்டு அறைக்கு வந்து, மைக் முன்னால் நின்று, கண்ணை மூடி, எதிரில் ஒரு குழந்தையின் கை இருக்கிற மாதிரி இடது உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு பாடிவிட்டுப் போனாள். இஸ்திரி அதை போனில் படமும் எடுத்தாள். "நிதானமா முடிச்சுக் குடுடி, அவசரமில்ல" என்றாள் அக்கா. அவசரமில்லை என்று சொன்னதால் அது இரண்டு மாசமாகக் கிடந்தது. ஊரில் இருக்கிற டாக்டர், வக்கீல் குரலுக்கெல்லாம் சுருக்கம் எடுத்தவளுக்கு அக்காவின் மூன்று நிமிஷத்துக்கு நேரம் வரவில்லை.

முதலாளி அதைக் கேட்டார். படத்தையும் பார்த்தார். "தான்" வந்து சரிந்த இடத்தில் அவருடைய தோள் குலுங்கியது. அடக்கிக்கொண்டு இன்னொரு தடவை போட்டார். மூன்றாவது தடவை அவர் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கியது. இஸ்திரிக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அப்போது பெருமையாகத்தான் இருந்தது. தான் சொன்னது சொன்னபடி கண்முன்னால் நடக்கிறதே.

"அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"அவ என்னைத் திட்டினதே இல்ல சார்."

அன்று மாலை அக்காவுக்கு போன் செய்து, "உன் பாட்டை எங்க பக்கத்துல போடப் போறோம்" என்றாள். "முடிச்சிட்டியாடி?" என்று அக்கா கேட்டாள். இவள் "ம்" என்றாள். மூன்று நாள் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம், அப்புறம் நல்லதாகச் செய்து போட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

மூன்று நாள் தேவைப்படவில்லை. முதல் நாள் நாலாயிரம் பேர், இரண்டாவது நாள் மூன்று லட்சம். அதற்குப் பிறகு எண்ணைப் பார்க்கிறதையே இவள் விட்டுவிட்டாள். பஸ்ஸில் எவனோ போனை எடுத்தால் அக்கா குரல். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்க வந்த பெண்ணின் பையிலிருந்து அக்கா குரல். கல்லூரிப் பையன்கள் நாற்பது பேர் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, இடது கையை நீட்டி, கண்ணை மூடி, "அவ்ளோதான்" என்று ஒன்றாகச் சரிந்து விழுகிற படம் ஒன்று வந்தது. அந்தப் படத்தையே பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். கீழே எழுதியிருந்ததையெல்லாம் இவள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து படித்தாள். "ஊசியே தேவலை." "மயக்க மருந்து செலவு மிச்சம்." "இந்தம்மா பாடினா ரத்தம் தானா வெளிய வந்துடும், காது வழியா." ஒருத்தன் அக்காவின் புடவையைப் பற்றி எழுதியிருந்தான், ஒருத்தன் உடம்பைப் பற்றி. நடுவில் இரண்டு இடத்தில் இவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை நினைத்து நினைத்துத்தான் அன்றைக்குக் கூசிப்போனாள்.

கூத்து என்னவென்றால், பல் டாக்டர் போன் செய்தார். "அடுத்த பாட்டு பாடப் போறேன், என்னோடதையும் அந்த மாதிரி இயற்கையாவே விட்டுடுங்க, கை வைக்காதீங்க" என்றார். விட்டார்கள். நூற்றறுபது பேர் கேட்டார்கள், சொந்தக்காரர்கள்.

முதல் வாரம் அக்காவுக்கு வாயெல்லாம் பல். "எங்க லேபுல எல்லாரும் பாத்துட்டாங்கடி. வாட்ச்மேன்கூடப் பாடறாரு" என்றாள். கீழே எழுதியிருப்பதைப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வேலைக்குப் போகிறவள், ஓய்ந்து வருகிறவள், படிக்க எங்கே நேரம். அத்தான் கப்பலில் வேலை பார்க்கிறவர், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வருகிற ஆள். அவருக்குக்கூட அனுப்பி வைத்திருக்கிறாள். இஸ்திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஆமாக்கா, ஆமாக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எடுத்துவிடலாம் என்று நினைத்த மூன்றாவது நாள் எப்போதோ போய்விட்டது. முதலாளியிடம் கேட்டதற்கு, "பாட்டு ஓடிட்டிருக்கறப்போ எடுக்கச் சொல்றியே, பைத்தியமா உனக்கு?" என்றார்.

இரண்டாவது வாரக் கடைசியில் அக்காவின் மகள் அறைக்கே வந்துவிட்டாள். எட்டாவது படிக்கிற பெண். பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கதவோரம் நின்றாள்.

"சித்தி, அம்மா பாடறதில்ல."

"என்னடி சொல்ற?"

"நாலு நாளாச்சு. லேபுக்கு ஒரு பையன் வந்தானாம். நீங்க அந்தத் தப்பாப் பாடற ஆன்ட்டிதானே, அந்தத் தப்பைப் பாடுங்கன்னானாம். அவங்கம்மா போனைத் தூக்கிப் பிடிச்சிட்டு நின்னாங்களாம். அம்மா வீட்டுக்கு வந்து என் போனை வாங்கி எல்லாத்தையும் படிச்சுட்டாங்க. சமையல் பண்ணும்போதுகூடச் சத்தமே இல்ல சித்தி." பெண் பையின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். "ஸ்கூல்ல என்னைப் பாத்தாலே கையை நீட்டறாங்க. அதைக்கூட விடுங்க. உங்க முதலாளி உங்களுக்குத் தெரியாமதானே எடுத்துப் போட்டாரு? அந்தாளை நான் சும்மா விட மாட்டேன்."

இஸ்திரி அந்தப் பெண்ணின் தோளிலிருந்து பையை இறக்கினாள். தண்ணீர் கொடுத்தாள். தெரியாமல்தான் போட்டாரா என்ற கேள்விக்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தாலே போதும், பெண் ஆமென்றே எடுத்துக்கொள்வாள் என்று இவளுக்குத் தெரியும். முதலாளி உள்ளறையில் ஒன்றும் தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்தார். செய்யாத பாவத்துக்கு அவர் தலை உருண்டது.

மறுநாள் காலையில் இவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். லேப் வாசலில் கூட்டம். கதவு பாதி திறந்திருந்தது. நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று அப்பா மடியில் உட்கார்ந்திருந்தது. அக்கா ரப்பர் பட்டையைக் கட்டினாள், பஞ்சால் துடைத்தாள். வாய் இறுக மூடியிருந்தது. குழந்தை அக்காவின் முகத்தைப் பார்த்தது, ஊசியைப் பார்த்தது, பார்த்த மாத்திரத்தில் வீறிட்டுக் கையை உதறியது. ஊசி நழுவியது. அக்கா பஞ்சை வைத்து அமுக்கிவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லி இன்னொரு இடத்தில் குத்தினாள். குழந்தை அப்பாவின் சட்டையைக் கடித்துக்கொண்டு கத்தியது. "என்னம்மா, பாத்துக் குத்தக் கூடாதா?" என்றார் அவர். "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள் அக்கா. இஸ்திரி கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். உள்ளே போகிற தைரியம் இல்லை. வந்த வழியே திரும்பிப் போனாள்.

அன்றைக்கு அறைக்குப் போனதும், யாரையும் கேட்காமல், இணையப் பக்கத்திலிருந்து பாட்டை எடுத்தாள். முதலாளி குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டாள். எடுத்து என்ன பிரயோஜனம், அது ஆயிரம் இடத்தில் ஏற்கெனவே இருந்தது. எரிகிற வீட்டில் ஒரு ஜன்னலைச் சாத்தின கதைதான். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து அக்காவின் குரலைத் திரையில் போட்டாள். இரண்டு மாசமாகக் கிடைக்காத நேரம் அன்றைக்குக் கிடைத்தது. காலையிலிருந்து மாலைவரை எழுந்திருக்கவில்லை. கைதேர்ந்தவள், சும்மா சொல்லக் கூடாது. அக்காவின் குரலில் இருந்த கரகரப்பைக் கெடுக்காமல், மூச்சு வாங்குகிற இடத்தைக் கெடுக்காமல், சரிந்ததை மட்டும் தூக்கி நிறுத்தினாள். கடைசி "தான்" கோட்டின்மேல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தபோது அழுகை வந்தது. இதைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நிமிஷம் அவள் நிஜமாகவே நம்பினாள். அந்தத் தொழிலில் பதினோரு வருஷம் இருந்தவளுக்கு மன்னிப்புக் கேட்கிறதற்கும் வேறு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனாள். மகள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். அக்கா கூடத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சுட்டேன்க்கா. இதைக் கேளு. டிவியில இதைப் போடச் சொல்லு. எங்க பக்கத்துலயும் இதையே போட்டுடலாம்."

அக்கா ஊசியைத் துணியில் செருகி வைத்துவிட்டு இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். முதலில் விரல்கள் முட்டியில் தாளம் போட்டன. பிறகு நின்றுவிட்டன. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டாள்.

"யாருடி பாடறது?"

"நீதான்க்கா. வேற யாரு?"

"என் குரல் மாதிரிதான் இருக்கு." அக்கா யோசித்தாள். "ஆனா எல்லாரும் சொல்லிச் சிரிக்கற அந்த இடம் இதுல வரலையே."

"அதைச் சரி பண்ணிட்டேன்."

அக்கா இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "லேபுல ஒரு நர்ஸ் கேட்டா. உன் தங்கச்சி அதே வேலையிலதானே இருக்கா, கண்டவன் பாட்டையெல்லாம் சரி பண்ணித் தர்றா, கூடப் பொறந்தவ பாட்டை இப்படியா விடுவான்னு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. அவளுக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னேன். பொறந்ததுல இருந்து என் குரலைக் கேட்டு வளர்ந்தவ, அவ காதுக்கு அதுதான் சரின்னு. ரெண்டு நாள் அந்தப் பொண்ணுகூட நான் பேசல."

இஸ்திரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இந்த ஒன்றை அவள் யோசித்தே பார்க்கவில்லை. சரி செய்த பாட்டைக் கொண்டுவந்தால், தப்பு எங்கெங்கே என்று தனக்கு அத்தனையும் தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறோம் என்று புத்திக்கு எட்டவில்லை.

"எத்தனை இடத்துல கை வெச்ச?"

ரெண்டு மூணுதான் என்று சொல்லியிருக்கலாம். தொழில் பழகின வாய் முந்திக்கொண்டது. "அறுபத்தி மூணு."

"அறுபத்தி மூணு" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். "அப்போ தெரிஞ்சிருக்கு. எப்போல இருந்து தெரியும்?"

"சின்னதுல இருந்தே தெரியும்க்கா."

"தலை வாரிவிடும்போதெல்லாம்?"

இவள் தலையை ஆட்டினாள். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று இருந்தது. "நான் சரி பண்ண மறந்து போயிடலக்கா. முதலாளி எனக்குத் தெரியாம எடுத்துப் போடல. நான்தான் குடுத்தேன். இப்படி எல்லாரும் சிரிப்பாங்கன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அக்கா குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே இன்னும் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"என் பாட்டை எதுக்குடி?"

"நீ திட்ட மாட்டேன்னு."

அக்கா இயர்போன் வயரைச் சிக்கில்லாமல் சுற்றி இவள் கையில் கொடுத்தாள். "வேலையை நல்லாத்தான் பண்ணியிருக்க" என்றாள். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள். பிறகு சீருடையை எடுத்து விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். "ஆனா டிவிக்கு வேணாம். நாளைல இருந்து நான் உள் ரூமுக்குப் போறேன். ட்யூப்ல பேர் ஒட்டற வேலை. கேட்டு வாங்கிட்டேன். அங்க யாரும் வர மாட்டாங்க."

"அக்கா, திட்டுக்கா. ஒரு வார்த்தையாவது திட்டு."

"திட்டிட்டா உனக்கு முடிஞ்சு போயிடும்" என்றாள் அக்கா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எழுந்திரு. சாப்பிட்டுட்டுப் போ."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அக்கா பரிமாறினாள். இவளுக்குப் பிடித்ததை எப்போதும்போல இவள் தட்டில் ஒரு கரண்டி அதிகமாகவே வைத்தாள். இஸ்திரி பிசைந்து பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தட்டிலேயே விழுந்தது. துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்காமல் குனிந்திருந்தாள்.

ஈரத் தலையோடு எதிரில் இருந்த பெண் பார்த்துவிட்டாள். "சித்தி, ஏன் அழறீங்க? அந்த முதலாளி ஏதாவது சொன்னாரா?"

இவள் வாயைத் திறந்தாள்.

"காரம் தூக்கலாப் போச்சு போல" என்று அக்கா நடுவில் புகுந்தாள். அந்தச் சாப்பாட்டில் காரம் என்று பேருக்குக்கூட இல்லை. "சித்திக்குத் தண்ணி கொண்டு வா."

பெண் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். இவள் அதை வாங்கிக் குடித்தாள்.